நசரத்பேட்டையில் தெரிந்த வியாழன்

பெங்களூர் பேருந்து நசரத்பேட்டையில் பஞ்சராகி நிற்கிறது. இப்போதுதான் இருட்டத் தொடங்குகிறது. அக்கா மகளுக்கு வாங்கிப் போகும் தொலைநோக்கியைச் சும்மா இருக்க முடியாமல் பிரித்து, டீக்கடை ஓரமாக நிறுத்தி வியாழனைத் தேடிப் பிடிக்கிறேன். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கிரகம் குலுங்குகிறது.

"இன்னா சார் தெரியுது?" டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரப் பெண் கேட்கிறார்.

"வியாழன்மா. கூடவே நாலு நிலா. அதுல ஒண்ணுல பனிக்கு அடியில கடல் இருக்கும்னு சொல்றாங்க."

"கடல்ல யார்னா கீறாங்களா?"

"இருந்தாலும் இருக்கலாம்."

ஆற்றும் கை நிற்கிறது. "அப்ப அவங்களும் நம்பள பாத்துகினு இருப்பாங்க இல்ல?"

சிரித்துவிட நினைக்கிறேன். சிரிப்பு வரவில்லை.

அவருடைய சின்ன மகள் தானும் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள். பால் குண்டானின் அடியில் விரலைத் தேய்த்து, கன்னத்தில் கரிப்பொட்டு வைத்த பிறகுதான் அவளைத் தூக்கிக் காட்டுகிறார். அங்கிருந்து கண் பட்டுவிடக் கூடாதாம்.

குழந்தை கொஞ்ச நேரம் அசையாமல் பார்க்கிறது. பிறகு வானத்தைப் பார்த்து, "வா, வா" என்று கையை ஆட்டுகிறது.

"கூப்டாதடி!" அந்தக் கையை வெடுக்கென்று பிடித்து முந்தானைக்குள் மறைக்கிறார் அம்மா.

தொலைநோக்கியை அவசரமாகப் பைக்குள் திணிக்கிறேன்.

பேருந்து கிளம்பிய பிறகும் வியாழன் என் ஜன்னலுக்கு நேராகக் கூடவே வருகிறது. திரையை இழுத்து மூடுகிறேன். ஓரத்தில் ஒரு விரல் அளவு மூடாமல் நிற்கிறது. அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.