சூடு இறக்கும் மாஸ்டர்

என் அக்காவின் கணவர் துணி வெட்டுவதில் கெட்டிக்காரர். அளவெடுத்தால் அரை அங்குலம் பிசகாது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வாடகை மண்டபம் ஒன்றில் மூன்று நாள் அக்குபிரஷர் வகுப்புக்குப் போய்வந்தார். உடம்பில் புள்ளி வைத்த மனிதப் படம் ஒன்றை வாங்கி, தையல் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் ஒரே நோய்தான்: சூடு. வாய்ப்புண், முடி உதிர்வது, பக்கத்துக் கடைக்காரரின் கோபம், எல்லாம் சூடு. சட்டை தைக்க வந்தவர்களின் கையைப் பிடித்து, சாக்குக்கட்டியால் குறி போடுவார். முழங்கையை மடக்கினால் மடிப்பு முடிகிற இடம் ஒன்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று. பிடரியில் புடைத்த எலும்புக்குக் கீழே ஒன்று. பிறகு அழுத்துவார்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது மாஸ்டர்."

"சூடு வெளிய போகுதுய்யா, உயிர் இல்ல."

இதற்குச் சிரிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவும் சிரிப்பாள்.

அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது என்றாள். அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. சூடு பிடித்துக்கொண்டது என்று ஊரே சொல்கிற உபாதை வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டதே! வியர்வையில் சாக்குக்கட்டி நிற்காது என்று அவளுக்கு மட்டும் நீலப் பேனாவால் குறி போட்டார். மனைவிமேல் அவ்வளவு அக்கறை. வேளைக்கு மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து.

இரண்டாம் நாள் குளிர்ஜுரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் மாலை நான் போனேன்.

"டாக்டர்கிட்ட போலாம், எழுந்திரு அக்கா."

"விடுடா. உங்க மாமா முகம் சுண்டிப்போயிடும். நாளைக்குப் பாக்கலாம்."

சுண்டிப்போகக் கூடாத அந்த முகம் அப்போது மலர்ந்திருந்தது.

"எதுக்கு டாக்டர்? கையைத் தொட்டுப் பாரு மாப்ள. மத்தியானம் வரைக்கும் அடுப்பா கொதிச்சது. இப்போ ஐஸ்!"

தொட்டேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன. அவள் ஏதோ முனகினாள், புரியவில்லை. பட்டம் வாங்கிய நானும், சூடு இறங்கிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அவருக்காவது மூன்று நாள் படிப்பு.

விடிந்தபோது அவளுக்கு ஆள் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, கை சில்லிட்டது ரத்தம் ஓடாததால், நேற்றே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நேத்தே எறங்கிடுச்சே சார்," என்றார் மாஸ்டர், வெற்றியை விட்டுக்கொடுக்காமல்.

மாலையில் அக்கா இறந்தாள். குளிப்பாட்டியும் அந்த நீலப் புள்ளிகள் முழுசாகப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவள் துணிமணிகளை மாஸ்டரிடமிருந்து வாங்கிவரக் கடைக்குப் போனேன். படம் அப்படியே தொங்கியது. சட்டை தைக்க வந்த ஒரு பெண், அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தாள். முழங்கையில் வெள்ளைக் குறி.

"நான் எறக்கி வச்ச சூட்டை ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஏத்திட்டாங்கம்மா," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, அதுதான் அருவருப்பாக இருந்தது.

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று அவளைக் கேட்டேன்.

தயங்கினாள். "நீர்க்கடுப்பு. நாலு நாளா."

"இப்பவே டாக்டர்கிட்ட போங்க."

"மாப்ள படிச்சவன், அப்படித்தான் பேசுவான்," என்று சிரித்தார் அவர். அவள் கை அவர் கையிலேயே இருந்தது.

"எங்க அக்காவுக்கும் இதேதான். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பா. இவர்தான் அழுத்தினார். நானும் பாத்துட்டுதான் இருந்தேன்."

அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். பையை மறந்து படியிறங்கிப் போனவள், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்டினார். பிறகு, "சட்டைக்கு அளவாவது எடுத்திருப்பேன்," என்றார்.