அப்சர் எழுதிய மூன்று நிமிட மௌனம்

கூத்தாநல்லூரில் அப்சரைத் தெரியாதவர்கள் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர். ஆதார் கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் கோணாமல் எடுத்துத் தருவதில் மன்னர். அவர் இசையமைப்பாளர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். எந்தப் படத்துக்கு என்பதுதான் தெரியாது.

"படமெல்லாம் இல்லீங்க" என்பார்.

"கிடைக்கும் பாய், மனசை விட்டுடாதீங்க" என்று தேற்றிவிட்டு, ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போவார்கள்.

துபாயில் ஒரு ஓட்டலுக்குப் பெட்டி தூக்கப் போனவர். லாபியில் பியானோ வாசித்தவன் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த கீபோர்டில் இவர் கொஞ்சம் தட்டியிருந்தார். "பத்து விரலும் இருக்குல்ல, உட்காரு" என்றார் மலையாளி மானேஜர். ஒன்பது வருஷம் உட்கார்ந்தார். இணைய வகுப்பில் மேற்கத்திய இசை எழுதக் கற்றதும் அப்போதுதான். லாபியில் ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை. வாசிப்பதை நிறுத்தினால் மட்டும் எல்லாத் தலையும் திரும்பியது. அவருடைய பாணி அங்கே பிறந்தது.

அவர் இசையில் முணுமுணுக்க மெட்டு கிடையாது, தொடையில் தட்டத் தாளம் கிடையாது. ஒரு சுரத்தைப் பிடித்து, வயலில் தண்ணீர் பரவுகிற வேகத்தில் நகர்த்துவார். பிறகு நிறுத்திவிடுவார். பெல்ஜியத்திலும் பின்லாந்திலும் பதினோரு படைப்புகளை வாசித்திருக்கிறார்கள். அத்தனையையும் அவர் லேப்டாப்பில்தான் பார்த்தார்.

ஒரே ஓர் ஆசை இருந்தது. 'முறைத் தண்ணீர்' என்ற தன் படைப்பை அந்தத் தண்ணீர் ஓடுகிற மண்ணில், நேரில், முழுசாக ஒருதரம் கேட்க வேண்டும். அணையில் நீர் குறைந்தால் டெல்டாவில் முறை வைத்து விடுவார்கள்: ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு. படைப்பும் அப்படித்தான். நாலு நிமிடம் மூன்று வயலினும், காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலினான ஒரு செல்லோவும். பிறகு மூன்று நிமிட அடைப்பு, சுத்த மௌனம். அதன் முடிவில் செல்லோவில் ஒரே ஒரு அடிச்சுரம், காய்ந்த வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு வருகிற முதல் தண்ணீர் மாதிரி. அந்த ஒரு சுரத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

நீடாமங்கலத்தில் கலைவட்டச் செயலாளர் பஞ்சநதம் மனமிரங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கல்யாண மண்டபம், ஞாயிறு காலை, சென்னையிலிருந்து நாலு கலைஞர்கள். அழைப்பிதழில் 'மத நல்லிணக்க இசை விழா' என்று போட்டிருந்தது.

"நான் எழுதினதுல மதமே இல்லீங்களே சார்."

"நீங்க இருக்கீங்கள்ல பாய், அது போதும்."

பத்து மணி விழா. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் நல்லிணக்கத்தை வலியுறுத்தினார்கள், அதில் மட்டும் இணக்கம் இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்ட பிறகு, இசை தொடங்கியது. நாலு நிமிடம் போயிற்று. நின்றது.

அப்சர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் கரைவேட்டிக்காரர் ஒருவர் மெல்ல எழுந்து, கைகட்டி, தலைகுனிந்து நின்றார். மேடையில் எல்லாரும் பேசாமல் அசையாமல் இருந்தால் அது மௌன அஞ்சலி என்பது அவர் அனுபவம். வரிசை வரிசையாகச் சபையே எழுந்தது.

"யாரு தவறிட்டாங்க?"

"தெரியல. பெரிய ஆளா இருக்கும், சும்மா நில்லு."

அப்சருக்கு அதுவும் சம்மதந்தான். என்ன நினைத்தால் என்ன, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களே! ஒரு நிமிடம். ஒன்றரை. இரண்டு. மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பெல்ஜியத்தில்கூட இப்படிக் கேட்டதில்லை. இன்னும் ஒரே நிமிடம்.

பஞ்சநதம் மைக்கைப் பிடித்தார். "கலைஞர்கள் சற்றே இளைப்பாறும் இந்த இடைவேளையில், தலைவர் அவர்கள் பொன்னாடை அணிவித்துக் கௌரவிப்பார்!"

செல்லோக்காரர் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார். தூக்கிய கைமேலேயே பொன்னாடை விழுந்தது. போட்டோவுக்காக எழுந்து கும்பிட்டார். பிறகு நாதஸ்வர கேசட், பந்தி.

அப்சருக்கு மட்டும் அகலக் கரை வைத்த பொன்னாடை. பஞ்சநதம் காதோரம் சொன்னார்: "நடுவுல அவங்களுக்கு மறந்துபோச்சு பாய். நல்லவேளை, நான் சமாளிச்சுட்டேன்."

வீட்டில் மனைவி ஹுமைரா கேட்டாள்: "எப்படி இருந்துச்சுங்க?"

"சாம்பார் நல்லா இருந்துச்சு."

மறுநாள் கடையில் அமர்ந்து, இசைத்தாளில் அந்த மூன்று நிமிட மௌனத்தைச் சிவப்பு மையால் அடித்தார். மேலே எழுதினார்: 'இங்கே சபை எழுந்து யாருக்கோ அஞ்சலி செலுத்தும். தலைவர் வந்து நால்வருக்கும் பொன்னாடை போர்த்துவார்.' ஆத்திரம் ஆறுமுன் ஸ்கேன் செய்து பெல்ஜியக் குழுவுக்கு அனுப்பினார். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். 'பொன்னாடை எத்தனை மீட்டர்?' என்று பதில் வந்தது.

ஆறு நகரங்களில் வாசித்தார்கள். கலையை அதிகாரம் போர்த்தி மூடும் சடங்கு என்று ஒரு விமர்சகர் வியந்திருந்தார். அப்சர் எழுதியதிலேயே அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

வீடியோ வந்தது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்திருந்த காளியம்மாளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தார். பொன்னாடை விழுந்ததும் அரங்கம் சிரித்து, ஆர்ப்பரித்து, கை தட்டியது. அந்த இரைச்சலுக்கு நடுவே செல்லோக்காரி வில்லை இழுத்தாள். இழுப்பது தெரிந்தது, கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினார். கைதட்டல் கூடியது.

"ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல எடுங்க பாய்" என்றாள் காளியம்மாள். எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பஞ்சநதம் போன் செய்தார். "வீடியோ பாத்தேன் பாய், பிரமாதம்! நம்ம மண்டபத்துலயே பாராட்டு விழா வச்சுடுவோம். பொன்னாடை நம்ம பொறுப்பு. கடைசியில ஒரு அம்மா தனியா எதையோ இழுத்துக்கிட்டு இருக்கே, அது மட்டும் வேணாம். பந்திக்கு நேரமாயிடும்."

அப்சர் மூன்று நிமிடம் பேசாமல் இருக்கப் பார்த்தார். அதற்குள், "ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிடுச்சா பாய்?" என்றார் பஞ்சநதம்.

"இல்லீங்க சார்" என்றார் அப்சர். "தேதியைச் சொல்லுங்க."