என் காலுக்கு அவர் சொன்ன பதில்

என் கால் வலிக்குதா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்று என் புருஷன் சொன்னார். அதை நம்பித்தான் கொழுப்பைக் குறைக்க நான் போடும் குளிசையை இரண்டு மடங்காக்கினார்கள்.

மாரடைப்பு வந்து பிழைத்தவள் நான். கண்டியில் கிளினிக். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் சரியாக வராது. அதனால் கதிரையில் நான் உட்காருவேன், பேசுவது என் புருஷன். அன்றைக்கு டொக்டர் இரத்த ரிப்போட்டைப் பார்த்தார், ஏதோ கேட்டார், இவர் தலையை ஆட்டினார்.

"என்ன கேட்டாரு?"

"வழக்கமா கேக்குறதுதான். வா, பஸ் போயிரும்."

அதற்கு முன்பே தொடை இரண்டும் வலித்தன. இவரிடம் சொல்லியும் இருந்தேன். குளிசையைக் கூட்டிக் கொஞ்ச நாளில், கெலிஓயாவில் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். வீட்டில் சொன்னால், "மேட்டுல குடியிருக்கிறவளுக்குக் கால் வலிக்காம பல்லா வலிக்கும்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

அடுத்த கிளினிக்கில் இவர் வாயைத் திறக்குமுன் தொடையில் அடித்துக் காட்டினேன். "டொக்டர், ககுல் ரிதெனவா!" கால் வலிக்குது என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். போதுமாக இருந்தது. டொக்டர் பேனையை வைத்துவிட்டுத் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

"போன தடவ வலி இல்லன்னு சொன்னதாலதானே டொக்டர் மருந்தக் கூட்டினாரு?" என்றார் மிஸ்.

"நான் சொல்லல. இவரு சொன்னாரு."

மிஸ் இவரைத் திரும்பிப் பார்த்தார். "கால் யாரோடது ஐயா?"

டொக்டர் சொன்னதை மிஸ் எனக்குச் சொன்னார். ரிப்போட்டில் உள்ள நம்பரை மட்டும் பார்த்து அளவு போடுவதில்லையாம். மாரடைப்பு வந்ததா, ஈரல் எப்படி, சிறுநீரகம் எப்படி, குளிசையால் தசை வலிக்கிறதா, எல்லாம் பார்த்துத்தானாம். மற்றதெல்லாம் ரிப்போட்டிலும் கிளினிக் புத்தகத்திலும் தெரியும். வலியை நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஒன்றைத்தான் இவர் விழுங்கிவிட்டார், பஸ்ஸுக்காக.

தசைக்கென்று தனியாக இரத்தம் எடுத்தார்கள். பழைய குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பிறகு வேறு குளிசை, குறைந்த அளவில். "நீங்களா நிப்பாட்டிறாதீங்க, நெஞ்சுக்கு ஆபத்து" என்று மிஸ் இரண்டு தரம் சொன்னார். திரும்பவும் இரத்தம் பார்ப்பார்கள். கொழுப்பு இறங்காவிட்டால் இன்னொரு குளிசை சேர்ப்பார்களாம்.

இப்போது படி ஏறுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இவர், "நான்தான் டொக்டர்கிட்ட பேசி மருந்தக் குறைச்சேன்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

போன கிழமை கிளினிக் நாள். காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க வரவேணாம்."

"சிங்களத்துல என்னத்தச் சொல்லுவ?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுவேன். உங்களுக்குத்தான் அது வரல."

தனியாகப் போனேன்.