ஆறு மாங்கன்றும் என் இரண்டு விரலும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வீடு தங்காது. எங்கேயோ விதைத் திருவிழா, எங்கேயோ செடிக் கண்காட்சி என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிட்டால் போதும், சனிக்கிழமையே வயர்கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பெரணமல்லூர்ப் பக்கம் ஏரிக்கரையில் மூலிகை காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி வெயிலில் நடந்தும் போயிருக்கிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரணியிலேயே எங்கள் மாடித்தோட்டக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். பந்தி மேசைமேல் ஒரு செடியை வைத்துவிட்டு இன்னொரு செடியை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றை வைத்துவிட்டு மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்த நாளும் உண்டு.

என் வீட்டுக்காரர் தறியைவிட்டு எழாமலே சொல்வார்: "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல."

வேலை இல்லை என்று சொன்னால் அது அநியாயம். நான் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று தீர்ந்ததும், அதன் வால் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒருத்தியால் ஆகாது. பாவின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒருத்தி உட்கார்ந்து நடுவை நோக்கி வருவோம். பதினாறு வருஷமாக எனக்கு எதிர் ஓரத்தில் உட்கார்ந்தவள் என் சிநேகிதி, தெருக்கோடி வீட்டுக்காரி.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முறுக்கிய இழையை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம். விடுகிறதென்றால் இப்போதே விடட்டும், நெய்யும்போது விடக் கூடாது. ஒரு தடவைதான் இழுக்கலாம். இரண்டாம் தடவை இழுத்தால் நல்ல பிணைப்பும் விட்டுப்போகும். இதை யாரும் நினைத்துச் செய்வதில்லை, விரல் தானாகச் செய்யும். கடையில் பை வாங்கினால் அதன் காதை ஒரு இழு, சட்டையில் பொத்தான் தைத்தால் பொத்தானை ஒரு இழு என்று நாங்கள் இரண்டு பேருமே அப்படித்தான்.

அந்த வருஷம் அவள் வீடு பாகம் பிரிந்தது. அவள் வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. தெருப் பக்கம் இரண்டு அறை இவளுக்கு, பின்பக்கத்து வெற்றிடம் கொழுந்தனுக்கு என்று முடிவானது. கொழுந்தன் அங்கே வீடு கட்டப் போகிறான், நடுவில் மாமரம் நிற்கிறது. கல்யாணமாகி வந்த வருஷம் இவள் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையில் முளைத்த மரம். எந்த ஜாதி என்று யாருக்கும் தெரியாது. தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே பழுத்துவிடும். தெருப் பிள்ளைகள் காய் என்று நினைத்து எறிந்துவிடுவார்கள், நாங்கள் பொறுக்கித் தின்போம்.

செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற அவள் மகன், அங்கேயே வந்துவிடச் சொல்லி ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடமும் இருக்கிறதாம். இவள் போக மனமில்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, பாவுக்கு எதிர் ஓரத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"எனுக்கு அந்த மரம் வோணும்டி. நீதான் ஊரூரா சுத்திகினு கீறியே, அத்த ஒரு கன்னா ஆக்கிக் குடு. கன்னு கைக்கு வர்ற வரிக்கும் நான் செய்யாறு பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்."

"கொட்டையப் போட்டா வேற மரந்தான் வரும். அதே மரம் வோணும்னா ஒட்டு கட்டணும். ஒரு மாசத்துல கட்டித் தரேன் பாரு" என்றேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது.

அடுத்த ஞாயிறு வேலூரில் ஆடிப் பட்டத்துக்கான விதைத் திருவிழா. கீரை விதை, சுரைக் குடுவை, திருகுகள்ளி எதையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டுக் கட்டும் பயிற்சி நடந்த கூடாரத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது. மாங்கன்றின் தலையைக் கிள்ளிவிட்டு, தண்டை நடுவில் பிளந்து, தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி, மேலே குச்சி ஐஸ் உறையைத் தொப்பியாக மாட்டினாள்.

"கட்டினதோட மறந்துடுங்க. பார்க்கலாம், தொடக் கூடாது. துளிர் வந்தாலும் தொடக் கூடாது" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இரண்டு முனையை ஒன்றாக்குவது எனக்கென்ன புதிதா, இழையைவிட மாங்குச்சி எவ்வளவு தடிமன் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் இறங்கி ஒரு நர்சரியில் ஆறு மாங்கன்று வாங்கி வந்தேன். ஆடிக் கடைசியில் அவளே மரத்தில் ஏறாத குறையாக எம்பிக் குச்சிகளை ஒடித்துக் கொடுத்தாள். என் வீட்டு மாடியில் ஆறையும் கட்டினேன். கட்டு ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் மரத்தில் கோடாலி விழுந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். என்னால் நிற்க முடியவில்லை. வேலூர் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, ஒன்றும் வாங்காமல் எதிர் பஸ்ஸில் திரும்பி வந்தேன். இனி அந்த மரத்தில் ஒரு குச்சி கிடைக்காது. என் மாடியில் இருக்கும் ஆறு விரல்நீளக் குச்சிதான் மிச்சம்.

அன்று மாலையே முதல் கன்றை இழுத்தேன்.

வேண்டுமென்று இல்லை. உறையைக் கழற்றிப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். இரண்டு விரலும் தானாகப் போய்ப் பிடித்து லேசாக ஒரு இழு இழுத்துவிட்டன. குச்சி கையோடு வந்தது. சீவின இடம் ஈரமாக, வெளுப்பாக இருந்தது. திரும்பச் சொருகிக் கட்டினேன். நாலு நாளில் கறுத்தது. இரண்டாவதும் அதே வாரம், அதே மாதிரி. மூன்றாவதைத் தொடக் கூடாது என்று கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். உறைக்குள் நீர் கோத்திருந்தது, துடைக்கலாமே என்று தோன்றியது, துடைக்கப் போன கை இழுத்தது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நாலாவதில் மொட்டு பருத்திருந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை.

தினமும் பாவுக்கு எதிரிலிருந்து அவள் கேட்பாள்: "கன்னு எப்படி கீது?"

"கீது" என்பேன். அவள் கணக்கில் ஆறு, என் கணக்கில் இரண்டு. மாடிக்கு ஏறுவேன், பாதிப் படியில் திரும்புவேன், மறுபடி ஏறுவேன். "இன்னாமே, மாடியில பேய் கீய் வெச்சிகினு கீறியா?" என்றார் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிறு அவள் மகன் வந்தான். புரட்டாசியில் வீடு மாறக் கூடாது, ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து வண்டி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதை அவள் என்னிடம் சொன்னது மாடியில் வைத்துத்தான். ஐந்தாவது கன்றில் செம்பு நிறத்தில் இரண்டு துளிர் விட்டிருந்தது. அவள் குனிந்து பார்த்து, "எம்மரம்டி" என்று சிரித்தாள். ஒட்டு போன நாலு கன்றையும் பையோடு பழைய சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன், அவள் கவனிக்கவில்லை. கீழே இறங்கிப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் தெருவில் தேயும்வரை நின்றிருந்தேன். பிறகு ஐந்தாவதைப் பிடித்து இழுத்தேன். இந்த முறை விரல் தானாகப் போகவில்லை, லேசாகவும் இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்த ஒட்டு அது, நார் கிழிகிற சத்தம் கேட்டது. துளிரோடு குச்சி என் உள்ளங்கையில் கிடந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போகக் கூடாது. கன்று ஆகாவிட்டால் போக மாட்டாள். இவ்வளவுதான் விஷயம். முதல் நாலும் பழக்கத்தால் போனதா, இதனால் போனதா என்று அன்றைக்கு யோசித்தேன். இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எதிர் ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்து பிணைக்கிற ஒரு பாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் மரத்தை வெட்டினது கொழுந்தன் மட்டுமில்லை, நானும்தான் என்று அழுதேன்.

மறுநாள் காலை ஆறாவது கன்றை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "இத்த எங்கியாவது வையிங்க. எங்கன்னு எனுக்குச் சொல்லாதீங்க."

அவர் ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தார். "பேஜாரு புடிச்ச கை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒன்றரை மாதம் நான் தேடாத இடமில்லை. தறி மேடைக்குக் கீழே, பக்கத்து வீட்டு மாடி, டீக்கடைப் பின்புறம், அவர் தம்பி வீட்டுக் குளியலறை எல்லாம் பார்த்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவர் அதை நாங்கள் கூடுகிற மண்டபத்துக் காவலரிடமே கொடுத்து வைத்திருந்தார். புரட்டாசிக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் அதை இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு, செடி மாற்றுகிற கூட்டத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். பந்தி மேசை முழுக்கப் பாத்திரமும் பையும் தொட்டியுமாக நின்றது. நடுவில் என் வீட்டுக்காரர் மாங்கன்றை வைத்திருந்தார். ஏழெட்டு இலை, கரும்பச்சையாக முற்றியிருந்தது. உறையும் நாடாவும் போய், ஒட்டின இடம் சின்ன முடிச்சாகப் புடைத்திருந்தது.

"மீதி அஞ்சு எங்கடி?" என்றாள்.

சொல்லிவிட்டேன். இரைச்சலுக்கு நடுவே, காதோடு. "அஞ்சும் பூட்ச்சி. நான்தான் இஸ்துட்டேன். நாலு தெரியாம இஸ்தேன். அஞ்சாவது தெரிஞ்சேதான். நீ போவக் கூடாதுன்னு."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பந்தி மேசையைப் பார்த்துத் திரும்பி, வலது கை இரண்டு விரலையும் புடவையில் துடைத்துக்கொண்டாள். எனக்கு விளங்குவதற்குள் ஒட்டுக்கு மேலே பிடித்து இழுத்தாள்.

"ஏய்!" என்று கத்திவிட்டேன். கீரை விதை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

இலை ஆடியது. ஒட்டு வரவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு இழையை அவள் இரண்டாம் தடவை இழுத்து நான் பார்த்ததில்லை. அதுவும் லேசாக இல்லை, நான் ஐந்தாவதை இழுத்தேனே, அதே பலத்தோடு. பை மேசையைவிட்டு எழும்பி, வேர்மண் உதிர்ந்தது. அப்போதும் வரவில்லை.

"புடிச்சிகிச்சிடி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் உதிர்ந்த மண்ணைக் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டாள்.