தோட்டக்காரர் பேரை அழிக்கப் போன நாள்

போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கும் பெண்களுக்கு நான்தான் தலைமையாக இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்.

1. அழிக்கப் போனது

எங்களுக்குக் காய் போடும் தோட்டக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவர் மகன் புதுக் கணக்குத் திறந்துவிட்டான்.

“ரேவதி, பெரியவர் பேரை எடுத்துரு. கம்ப்யூட்டர தொறந்தவுடனே அவரு பேரு வந்து நிக்குது, மனசு என்னமோ பண்ணுது” என்றார் முதலாளி.

ரேவதி தேனியிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பெண். குடோன் கணக்குக்குப் புரோகிராம் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

“இருத்தா, அவரு பேர்ல பேச்சி கூட்டம் தொங்குதே!” என்றேன்.

எங்கள் குடோனில் ஒரு தோட்டத்துக் காயை எப்போதும் ஒரே கூட்டம்தான் பொறுக்கும். கை பழகியிருக்கும். பெண்களைத் தோட்டக்காரர் பேரோடு சேர்த்தே எழுதுவோம். புரோகிராம் போட்டவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பேச்சி அடுத்த மாதம் பென்ஷனுக்கு எழுத வேண்டியவள்.

2. கேட்டது

“எது எங்கன தொங்குதுன்னு டேட்டாபேஸ்கிட்டயே கேட்டுருவோம் பெரியம்மா. இவரு நம்பரை வேற டேபிள், அதான் வேற பட்டியல், புடிச்சிருந்தா அதுக்குப் பேரு ஃபாரின் கீ.”

“ஃபாரின்னா? போடிமெட்டுக்கு அங்கிட்டு, கேரளாவா?”

“அய்ய! பக்கத்து டேபிள்தான்” என்று சிரித்துக்கொண்டே கோடிங் எழுதினாள். எந்த டேபிள், அதில் எத்தனை பேர், அழித்தால் என்ன ஆகும் என்று வரிசையாக வந்தது. பெண்கள் பேர் இருக்கும் ஆள் டேபிளுக்கு நேரே ‘கேஸ்கேட்’ என்று இருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“கேஸ்கேட்டுன்னா, பெரியவர அழிச்சா இவுகளும் சேந்து அழிஞ்சிருவாக. பேச்சியக்கா பி.எஃப். நம்பர், வேலை பாத்த வருசம், எல்லாம்.”

ரேவதி பெண்களை மகன் நம்பருக்கு மாற்றிவிட்டு, அதே கோடிங்கை மறுபடி ஓட்டினாள். ஆள் டேபிளுக்கு நேரே பூஜ்யம்.

“அவரு போட்ட பழைய மூட்டைக இன்னும் அவரு பேர்லதான் இருக்கு. அழிச்சா பேரில்லாத மூட்டையாயிரும்” என்றாள்.

“அப்ப பெரியவர் இருக்கட்டும்த்தா. கண்ணுல படாம மட்டும் வையி” என்றார் முதலாளி.

3. என் பேர்

இந்த வருடம் நான் வேலையிலிருந்து நின்றேன். “எம்பேரை எடுக்குறதுக்கு முந்தி அதே கோடிங்க ஓட்டிப் பாருத்தா” என்றேன். தலைமை என்று என் பேரைப் பிடித்திருந்ததால் குடோன் பெண்கள் அத்தனை பேரும் திரையில் வந்தார்கள்.

“பாத்தீகளா மொதலாளி, ஒங்க குடோன் எம்மேலதான் நிக்குது!”

“கம்ப்யூட்டர் சொல்லியா தெரியணும்?” என்றார் அவர்.

ஒரு பேரை எடுக்குமுன், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு வேறு பிடி கொடுத்துவிட வேண்டும். எல்லோரையும் அடுத்த தலைமையான முருகாயி பேருக்கு மாற்றச் சொன்னேன். ரேவதி மறுபடி ஓட்டினாள். பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்தேன்.