நீல மை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ஜெபம்' என்று பட்டப்பெயர் வைத்தவள் மிளகாய். மிளகாய்க்கு அந்தப் பெயரை வைத்தது சலவைக்கூடம் மொத்தமும். அதற்கு யாரும் கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாலே கேட்கிறவனுக்குக் கண் எரியும்.

இருவருக்கும் ஒரே மேசை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. மிளகாய் தன் பக்கத்தை வெடுக்கென்று இழுப்பாள். இந்தப் பக்கம் ஜெபத்துக்கு நகம் பெயரும். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் சோப்புத்தூள். "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்றாள் மிளகாய். நாலு பேர் சிரித்தார்கள். ஜெபம் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

உடனே அவளை மகா பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பகைக்கிறவர்களுக்காக மன்றாட வேண்டும் என்று ஆலயத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டவள்; அதனால் தினமும் காலையில் முழங்காலிட்டு மன்றாடினாள். அந்த லட்சணத்தையும் கேளுங்கள். "ஆண்டவரே, அவளுக்கு நல்ல புத்தியைக் கொடுங்க. இல்லேன்னா வேற ஆஸ்பத்திரியில ஒரு நல்ல வேலையைக் கொடுங்க."

"இது ஜெபமா, டிரான்ஸ்பர் மனுவா?" என்பார் பல் துலக்கிக்கொண்டிருக்கும் அவள் கணவர்.

டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை இயந்திரத்தில் போடுமுன் பாக்கெட்டுகளைத் துழாவிப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்த வாரம் அது மிளகாயின் முறை. அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியை இயந்திரத்தருகே விட்டுப் போனாள். பின்னால் வந்த ஜெபத்தின் கண்ணில் பட்டது: மேலே கிடந்த கோட்டின் பாக்கெட்டிலிருந்து ஒரு நீலப் பேனா எட்டிப் பார்த்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். நீட்டவில்லை. மாட்டட்டும், நல்லா மாட்டட்டும் என்று நினைத்தாள். நினைக்க எவ்வளவு சுகமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இயந்திரத்தைத் திறந்தால் நாற்பது கோட்டும் நீலம் நீலமாகத் திட்டு.

சூப்பர்வைசர் மிளகாயைப் பார்த்தார். "ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியாச்சு. நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்லும் மிளகாய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவனை இழந்தவள், இரண்டு பெண்பிள்ளைகளை இந்தச் சம்பளத்தில்தான் படிக்கவைக்கிறாள்.

ஜெபம் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு வருடத் தொல்லை இன்றோடு ஒழிந்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. திறந்தால் தன் வேலைக்கும் உலை. ஆனால் சோற்றில் சோப்புத்தூளைக் கொட்டியவளுக்கும் தனக்கும் இப்போது என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"சார், அந்தப் பேனாவை நான் பார்த்தேன்."

"எப்போ?"

"மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே. பார்த்துட்டுச் சும்மா இருந்துட்டேன். இவ மாட்டட்டும்னு."

"நீயா? நீ பக்தியான ஆளாச்சேம்மா."

"அதான் சார் சங்கடம்."

சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரையும் அனுப்பிட்டா நாளைக்கு விரிப்பை யாரு மடிக்கிறது, நானா? நாலு மணிக்குள்ள கறை போகணும். போகலைன்னா ரெண்டு பேரும் கிளம்புங்க."

பேனா மை சோப்புக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்கு மசியும். வார்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாட்டில் வாங்கி வந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். "என்னை மன்னிச்சுடு" என்றாள் ஜெபம். மிளகாய் காது கேளாதவள்போல அடுத்த கோட்டை இழுத்துக்கொண்டாள். வேலை மட்டும் சுத்தமாகச் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது.

நாலு மணிக்கு முப்பத்தெட்டு கோட்டு வெள்ளையாகிவிட்டது. மிச்சம் இரண்டையும் சூப்பர்வைசர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைத் துடைக்கிற துணியாக் கிழிச்சுடுங்க. நாளைக்கு நேரத்தோட வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாடா என்று துணி மூட்டைமேல் சரிந்தாள் ஜெபம். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. மிளகாயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் இடத்துல நான் இருந்தா கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் சொல்லணும்னு ஆசையா?"

"பின்னே ஏன் சொன்னே?"

"நாளைக்குக் காலையில முழங்கால்ல நிக்கணுமே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உனக்காகக் கேக்கிறது?"

"எனக்காகவா?" மிளகாய் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கேப்பே?"

"அதை விடு. இனிமே வேற கேக்கறேன்."

மிளகாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சின்னவளுக்கு நாளைக்குப் பரீட்சை. அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை" என்றாள்.

"அவ பேரு என்ன?"

மிளகாய் சொன்னாள். சொல்லிவிட்டு, பெரியவளை விட்டுவிட மனமில்லாமல், அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.