நிற்க வைத்து எடுக்காத அளவு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைப் பற்றி "எல்லோரையும் நம்பிய வெள்ளை உள்ளம்" என்று எழுதுவது வழக்கம். அப்பாவைப் பற்றி அப்படி எழுதினால் அவரோடு ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர் எதையும் எளிதில் நம்பியவர் அல்லர். அவர் இருந்தபடியே எழுது என்று அம்மாவும் சொல்லிவிட்டார். நான் அவர்களுடைய ஒரே மகள்.

அப்பா கர்நாடகத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ராமாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். வானம் பார்த்த நிலம். ராகியும் துவரையும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மழை தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பொய்த்தபோது, பத்தொன்பது வயதில், ஹனூரில் பஸ் ஏறி மைசூருக்கு வந்தார். கட்டட வேலையில் சித்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, நாற்பது வயதுக்குள் மேஸ்திரி ஆனார். குவெம்புநகரிலும் சரஸ்வதிபுரத்திலும் அவர் கட்டிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

அவர் சந்தேகப்பட்டவற்றை வரிசையாகச் சொல்லலாம். சிமென்ட் மூட்டை வந்தால் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிக் காதில் கேட்பார். புதிய அளவு நாடா வாங்கினால் அதைப் பழைய நாடாவோடு வைத்துப் பார்ப்பார்; இரண்டும் ஒத்துப்போனால் பக்கத்து வீட்டு நாடாவைக் கேட்டு வாங்கி வருவார். கொள்ளேகால் பஸ்ஸில் ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டு, ஓட்டுநரிடம் கேட்டு, உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவரிடமும் கேட்பார். நான் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறினேன் என்று சொன்னபோது மகிழ்ந்தார். மறுநாள் காலையில் சைக்கிளில் போய் அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிட்டு வந்தார்.

"பேரு இருக்குது அம்மிணி. நல்லாத்தான் படிச்சிருக்கற," என்றார் திரும்பி வந்து.

"அப்ப நேத்து நான் சொன்னது?" என்று கேட்டேன்.

"நேத்து நீ சொன்ன. இன்னைக்கு நான் பாத்தேன்," என்றார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். உயிருக்கும் முதுகெலும்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு அடிபட்டுவிட்டது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, நுனி தொங்கியது. நடக்கும்போது எதையோ தாண்டுவதுபோல் முழங்காலை உயர்த்தி வைப்பார். அப்படியும் கட்டை விரல் தரையில் இழுபடும். கணுக்கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து மடங்கும், வலிக்கும். வீட்டு நிலைப்படியில் மட்டும் ஒரே மாதத்தில் மூன்று முறை தடுக்கி விழுந்தார். மேஸ்திரி சாரம் ஏறாமல் இருக்கலாம். கட்டடத்துக்குள் நடக்காமல் இருக்க முடியாது. வேலை கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள், ஆனால் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

காலிப்பர் போட்டால் நடக்கலாம் என்றார் மருத்துவர். காலின் இரு பக்கமும் எஃகுக் கம்பி, கெண்டைக்காலில் தோல் பட்டை, கணுக்காலில் ஒரு கீல், அடியில் ஷூவோடு இணைப்பு. கீல் பாதத்தைக் கீழே தொங்கவிடாமல் தடுக்கும். அப்பா இன்னும் இரண்டு மருத்துவர்களைப் பார்த்தார். மூவரும் ஒன்றையே சொன்னதால், "மூணு பேரும் பேசி வெச்சிருக்கறாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

மண்டி மொஹல்லாவில் காலிப்பர் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் மாதேவண்ணா. கன்னடக்காரர், கொள்ளேகால் பக்கத்தவர் என்பதால் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. காவிரித் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பஸ்ஸில் தமிழ் பேசுமுன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கும் இன்னும் விடவில்லை. "அந்தாளு நமக்கு ஒழுங்கா செஞ்சு குடுப்பானா?" என்று என் தாய்மாமா முதல் நாளே கேட்டார்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அப்போது பெரும் பாடாக இருந்ததால் முதலில் நான் மட்டும் போனேன்.

"ஆளைக் கூட்டிட்டு வாம்மா. நான்தான் அளவு எடுக்கணும்," என்றார் மாதேவண்ணா.

"எனக்கு டிராயிங் தெரியும். மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து தருகிறேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "டிராயிங் நோடிதினம்மா, நெறைய பாத்திருக்கேன். ஆனா காலு இரும்பு அல்ல. படுத்தா ஒண்ணு சொல்லும், நின்னா ஒண்ணு சொல்லும். நிக்க வெச்சு எடு," என்றார்.

அவர் சொன்னவற்றை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

1. தாளின் மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும்.
2. இரண்டு கணு எலும்புகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறிக்க வேண்டும்.
3. கெண்டைக்காலின் சுற்றளவு, காலையிலும் மாலையிலும்.
4. முழங்காலின் பக்கவாட்டு எலும்பிலிருந்து தரை வரை நீளம்.
5. தோலில் பழைய புண், தழும்பு இருந்தால் இடம்.

நான் வரைய உட்கார்ந்த மாலையில் அப்பாவுக்கு வலி அதிகம். எழுந்து நின்றார், முகம் வெளுத்தது, உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் எனக்கு வேலை இருந்தது. கட்டிலில் படுக்க வைத்து, உள்ளங்காலில் ஒரு பலகையை ஒட்டி வைத்து, அதையே தரையாகக் கொண்டு வரைந்தேன். மற்ற நான்கையும் விடாமல் எடுத்தேன். முதலாவதை எப்படி எடுத்தேன் என்று வரைபடத்தில் எழுதவில்லை. மாதேவண்ணா கேட்டபோது, "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான்," என்றேன்.

காலிப்பர் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. அப்பா இரண்டு நாள் போட்டார், பிறகு வலிக்கிறது என்றார். பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் வேலைக்குப் போன பிறகு கழற்றிவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் போட்டிருந்தேன் என்பார். கேட்பதை விட்டுவிட்டுச் சோதிக்கத் தொடங்கினேன். ஷூவின் அடிப்பாகத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். மாலையில் கோடு அழியாமல் இருந்தது. தோல் பட்டையில் பக்கிள் பதியும் இடத்தில் மடிப்பு விழவில்லை. கீலில் தூசி ஏறவில்லை. மூன்று சான்றுகளையும் எடுத்து வைத்து அப்பாவைக் கேட்டேன்.

"அப்பனுக்கே மார்க் போடறயா?" என்றார்.

"நீங்கள் என் மார்க்கைப் போய்ப் பார்க்கவில்லையா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் ஒரே அச்சு. போலீஸ்ல சேர வேண்டியவங்க," என்றார்.

அப்பா வேட்டியை விலக்கி வெளிக்கணு எலும்பைக் காட்டினார். ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. "கம்பி வந்து எலும்பு மேல ஏறி உக்காருது அம்மிணி. இது கோணல்."

"உங்களுக்கு எல்லாமே கோணல்தான்," என்றேன். அப்படிச் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ சொல்றதும் வேண்டா, நான் சொல்றதும் வேண்டா. பையிலிருந்து அந்தத் தூக்குக்குண்ட எடு," என்றார்.

சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு அது. அப்பா காலிப்பரைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார். முழங்காலின் வெளிப்பக்கத்தில் நூலைப் பிடிக்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

"செவுத்துக்குப் புடிக்கற குண்டக் காலுக்குப் புடிக்கற மனுசன இப்பத்தான் பாக்கறேன்," என்றார் அம்மா. ஆனால் பிடித்தார்.

நூல் ஆடி நின்றது. அதன்படி பார்த்தால் கம்பி நேர்தான். கால்தான் நேராக இல்லை. எடை ஏறியதும் கணுக்கால் வெளியே சாய்ந்து, எலும்பு நூலைத் தாண்டி வந்து கம்பியில் மோதியது. உட்காரச் சொன்னேன், எலும்பு உள்ளே போனது. மறுபடி நிற்கச் சொன்னேன், வெளியே வந்தது. படுத்திருந்த காலுக்குப் பொருத்தமாகச் செய்த கம்பி, நின்ற காலுக்குப் பொருந்தவில்லை.

அப்பா என் வரைபடத்தின் நகலைக் கேட்டார். கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது கட்டில்ல படுத்திருந்தப்ப வரைஞ்சதுதானே?" என்றார்.

"அளவெல்லாம் சரிதான்," என்றேன்.

அறிவிப்புப் பலகை வரை போய்ப் பார்த்த மனிதர், அந்தப் பதிலை அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எங்களை அழைக்காமல், கைத்தடியோடு தனியாக ஆட்டோவில் மண்டி மொஹல்லாவுக்குப் போனார். மாதேவண்ணா அவரை நிற்க வைத்துப் புதிதாக அளவெடுத்தார். வெளிக்கம்பியை எலும்புக்கு இடம் விட்டு வளைத்தார். கீலை மாற்றிப் பொருத்தினார். சாயும் கணுக்காலை உள்ளே இழுத்துப் பிடிக்க ஒரு தோல் வாரும் சேர்த்தார். கம்பியின் நுனிகளை ஷூவிலிருந்து கழற்றி வேறு செருப்பில் செருகும்படி செய்ததால், வீட்டுக்குள் நடக்கவும் தனிச் செருப்பு கிடைத்தது.

அதன் பிறகு வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் விரல் இழுபடுவது நின்றது, விழுவது நின்றது. ஒரு மாதத்தில் அரை நாள் நின்று வேலை பார்க்க முடிந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து தடியில்லாமல் வீட்டுக்கு நடந்து வந்த முதல் நாளில், "நடை சரியா இருக்குதா, பின்னால இருந்து பாத்துச் சொல்லு," என்று அம்மாவைத் தெருவில் நிறுத்தினார். மேஸ்திரியாகவே கடைசிவரை இருந்தார். சென்ற ஆண்டு மாரடைப்பில் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தபோதும், காலிப்பரைக் கட்டிலுக்கு அடியில் வைக்க விடவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி நாற்காலியில் வைக்கச் சொன்னார். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவர் கணிப்பு.

இதுவரை உங்களில் பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதியையும் எழுத வேண்டும்.

முதல் காலிப்பர் ஏன் புண்ணாக்கியது என்று கேட்டவர்களிடம் அப்பா, "பட்டறையில ஒரு சின்னப் பிசகுங்க, சரி பண்ணிக் குடுத்துட்டாரு," என்றே சொன்னார். மாமா அதை அவ்வளவோடு விடவில்லை. மாதேவண்ணாவின் பட்டறைக்குப் போய் நாலு பேர் முன்னிலையில் சத்தம் போட்டார். தமிழர் என்றால் கன்னடக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற பேச்சு ராமாபுரம் வரை போயிற்று. அங்கே என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, இரண்டு வருடமாகக் கணுக்கால் வலி. ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கிறார். மாதேவண்ணாவிடம் போக மாட்டேன் என்கிறார். "எங்கண்ணன் கால அறுத்தவன்கிட்ட நான் காலக் குடுப்பனா?" என்று சென்ற பொங்கலுக்கு என்னிடமே கேட்டார். பாலாற்று எல்லையைத் தாண்டிச் சேலத்துக்கு ஒருமுறை போய்விட்டு, மறுபடி போக ஆளில்லாமல் வீட்டில் இருக்கிறார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவின் காரியங்கள் முடிந்தபின், காலிப்பர் வேறு யாருக்காவது உதவுமா என்று கேட்க மாதேவண்ணாவிடம் போனேன். அவர் ஒரு பழைய கோப்பிலிருந்து என் வரைபடத்தை எடுத்தார். அப்பா சட்டைப் பையில் கொண்டுபோன நகலும் அதோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது.

"உங்கப்பா இதைக் காட்டி எல்லாம் சொன்னாரும்மா," என்றார். "பொண்ணு அளவு பாக்கற வேலையில இப்பத்தான் சேர்ந்திருக்கு, அளவு தப்பா எடுத்துச்சுன்னு பேரு வேண்டாம், உங்க பேர்ல இருக்கட்டும்னு கேட்டாரு. சரி விடுங்க யஜமானரே, நாலு பேரு திட்டுவாங்க, அவ்வளவுதானேன்னேன்."

"என் மாமா வந்து சத்தம் போட்டபோதும் சொல்லவில்லையே?"

"ஒத்துக்கிட்டேன் அல்லவா? அப்புறம் நானும் ஆளைப் பாக்காம செஞ்சேன். அது என் தப்புதானே." கோப்பை மூடியபடி, "உங்க பக்கத்து ஜனங்க இப்ப வர்றதில்லம்மா. அது மட்டும்தான்," என்றார்.

ஆளைப் பார்க்காமல் செய்தது தன் தப்பு என்றதை என் ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். அவரிடம் "நீங்கள் சொன்னபடிதான் எடுத்தேன்" என்று பொய் சொன்னவள் நான். அப்பா எனக்காகச் செய்ததையும் நான் முழுதாகப் புகழ மாட்டேன். என் பெயரைக் காப்பாற்ற இன்னொருவரின் பெயரைக் கேட்டு வாங்கியது சரியல்ல. அன்று மாலை அவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அதுவும் உறுதியில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பா விழுந்த அன்று தோளில் தூக்கி வந்த சக கொத்தனார்களுக்கும், அவர் திரும்பி வரும்வரை வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கும், ஓராண்டாக அம்மாவைத் தனியே விடாத தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்காகவே கோபப்பட்ட மாமாவுக்கும் நன்றி. அந்தக் கோபம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் நான்.

மாதேவண்ணாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. முதல் காலிப்பரின் பிசகு என்னுடையது, அவருடையது அன்று என்பதை இந்த மலரைப் பெறும் எல்லோரும் அறிய வேண்டும். கேட்டவர்களிடம் சொல்லவும் வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறைக்குப் போய் இதை முழுவதும் கன்னடத்தில் படித்துக் காட்டப் போகிறேன். அத்தை, நீங்கள் சனிக்கிழமையே ஹனூரில் பஸ் ஏறிவிடுங்கள். என்னை நம்பி வர வேண்டாம். பட்டறையில் அவர் உங்களை நிற்க வைத்து அளவெடுப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.